செல்லாக்காசு பதில்கள்: சட்டையில் குத்திய கடலைக்கொட்டை

போன இதழில் பல்லைக் காட்டிச் சிரிக்கும் ஒரு நிலக்கடலைப் பின்னின் படத்தைப் பக்கத்தின் ஓரத்தில் போட்டிருந்தேன். விளக்கம் எதுவும் எழுதவில்லை. வழக்கமாக வரும் நாணயக் கேள்விகளையும் தபால்தலைக் கேள்விகளையும் ஓரங்கட்டிவிட்டு அதைப் பற்றியே கடிதங்கள் வந்திருக்கின்றன. எனவே இந்த முறை பக்கம் முழுவதும், வேட்பாளரின் ஆதரவாளர்கள் சட்டையில் குத்திக்கொள்ளும் தேர்தல் பின்களுக்கே. விக்டோரியா ராணி காசுக்கு விலை கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளவும்.

வாசகர், பண்ருட்டி: படத்தில் இருந்தது மல்லாட்டைதானே? அதற்கு எதற்கு அத்தனை பல்? எந்தக் கடலை எண்ணெய்க் கம்பெனி விளம்பரம் அது?

மல்லாட்டையேதான். பண்ருட்டிக்காரர் கண்ணுக்குத் தப்புமா! ஆனால் எண்ணெய்க் கம்பெனியுடையது அல்ல, அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலுடையது. 1976-ல் ஜனநாயகக் கட்சி வேட்பாளராக நின்றவர் ஜிம்மி கார்ட்டர். ஜார்ஜியா மாநிலத்தில் பிளெயின்ஸ் என்ற ஊர்க்காரர். ஊர் என்றால் சில நூறு பேர் மட்டும் வசித்த ஊர். குடும்பத் தொழில் நிலக்கடலை. அவருக்குச் சிரிப்பு வாய்கொள்ளாது. மேல்வரிசைப் பல் முழுக்கத் தெரியும். கடலையையும் பல்லையும் சேர்த்தால் ஆள் வந்துவிடுகிறான் என்று யாரோ ஒரு கெட்டிக்காரருக்குத் தோன்றியிருக்கிறது. பெயரே எழுத வேண்டாம். அந்த வருஷம் அமெரிக்காவில் எந்தக் கடையில் தொங்கினாலும் அது கார்ட்டர்தான்.

பின் மட்டும் இல்லை. தங்க நிறத்தில் கோட்டில் குத்தும் சின்னக் கடலை, கடலை வடிவ பிளாஸ்டிக் விசில், கடலைக்குள் வைத்த டிரான்சிஸ்டர் ரேடியோ, சாவி கொடுத்தால் நடக்கும் கடலைப் பொம்மை, கடலை உண்டியல், கார்ட்டர் பெயர் அச்சிட்ட துணிப்பைக்குள் நிஜக் கடலை. அவர் பறந்த பிரசார விமானத்துக்கே 'பீனட் ஒன்' என்று பெயர். ஜார்ஜியாவிலிருந்து 90 பேர் அளவில் சொந்தச் செலவில் கிளம்பி, 1976 ஜனவரிப் பனியில் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் வீடு வீடாகக் கதவைத் தட்டி, "எங்க ஊர்க்காரர், நல்ல மனுஷன்" என்று ஓட்டுக் கேட்டார்கள். அந்தக் கூட்டத்துக்குப் பெயர் 'பீனட் பிரிகேட்'. கடலைப் படை! பிப்ரவரி 24-ம் தேதி அங்கே நடந்த கட்சி உள்தேர்தலின் முதல் சுற்றில் கார்ட்டர் ஜெயித்தார். ஒரு வருஷம் முன்பு வரை ஜார்ஜியாவைத் தாண்டினால் "எந்த ஜிம்மி?" என்று கேட்ட நாடு அது.

அதிகாரபூர்வ பிரசாரப் பொருள்களின் நிறத்தையும் கவனியுங்கள். மற்ற வேட்பாளர்கள் பெரும்பாலும் சிவப்பு, நீலம், வெள்ளை. கார்ட்டர் ஆட்கள் பச்சையும் வெள்ளையும். சந்தையில் குவித்து வைத்த பழைய பின்களில் பச்சையாக ஒன்று கண்ணில் பட்டால் முதலில் கார்ட்டரா என்று பார்ப்பது என் வழக்கம்.

வாசகி, மதுரை: கார்ட்டர் கடற்படையில் அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பலுக்குப் படித்தவர் என்று பொது அறிவுப் புத்தகத்தில் படித்தேன். நீங்கள் கடலை விவசாயி என்கிறீர்கள். எது சரி?

இரண்டும் சரி. இந்தப் பக்கத்துக்கு வந்ததிலேயே நல்ல கேள்வி உங்களுடையது, அம்மா.

கார்ட்டர் 1946-ல் அன்னாபொலிஸ் கடற்படைக் கல்லூரியில் தேறினார். நீர்மூழ்கிக் கப்பலில் வேலை. பிறகு அட்மிரல் ரிக்கோவரின் கீழ் அணுசக்தி நீர்மூழ்கித் திட்டத்தில் சேர்ந்தார். 1952 டிசம்பரில் கனடாவின் சாக் ரிவர் அணு உலையில் விபத்து நடந்தபோது துப்புரவுக்குப் போன அமெரிக்கக் குழுவில் அவரும் ஒருவர். அடுத்த வருஷம் அப்பா இறந்தார். வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்தார். 1954-ல் வறட்சி; அந்த வருஷ லாபம் 200 டாலர்கூட இல்லை. அரசாங்கக் குறைந்த வாடகை வீட்டில் குடும்பம் நடத்தினார்கள். கஷ்டப்பட்டது உண்மை, கடலை உண்மை, வியர்வையும் உண்மை. சின்னப் பையனாக இருந்தபோது அவித்த கடலையைப் பொட்டலம் கட்டி பிளெயின்ஸ் தெருவில் விற்றதும் உண்மை.

ஆனால் நான் திண்டிவனம் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் கடலை மூட்டை எடை போட்டே சம்பளம் வாங்கி ஓய்வு பெற்றவன். எனக்கு இதில் ஒரு வித்தியாசம் தெரியும். கடலை போடுகிறவன் வேறு, கடலை வாங்கி வைக்கிறவன் வேறு. கார்ட்டர் குடும்பத்துக்கு நிலம் இருந்தது. பெரிய வரும்படி வந்ததோ கிடங்கிலிருந்து. சுற்றுவட்டாரத்து விவசாயிகளிடம் காய் வாங்குவது, சேமிப்பது, உடைத்துப் பருப்பாக்குவது, விதைக்கடலை தயாரித்து விற்பது, உரம் கொடுப்பது. நம் ஊர்க் கணக்கில் சொன்னால் மண்டி முதலாளி. வெயிலில் களை பிடுங்கிய விவசாயியும் அவரிடம் வந்துதான் மூட்டையை இறக்கியிருப்பான். அதோடு 1971 முதல் 1975 வரை மாநில ஆளுநர் வேறு. நம் ஊர் ஆளுநர் மாதிரி நியமனப் பதவி இல்லை, ஓட்டு வாங்கி ஜெயிக்கும் பதவி. கிட்டத்தட்ட நம் முதலமைச்சர். 1976-ல் கிடங்கைப் பார்த்துக்கொண்டது அவர் தம்பி பில்லி.

இப்போது யோசியுங்கள். ஆளுநர், கடற்படை அதிகாரி, அணு எஞ்சினியர், மண்டி முதலாளி, கடலை விவசாயி. ஐந்தில் சட்டைப் பின்னில் ஏறியது எது? கடைசி. 1974 ஆகஸ்டில் ஜனாதிபதி நிக்ஸன், அவர் ஆட்கள் எதிர்க்கட்சி அலுவலகத்தில் திருட்டுத்தனமாகப் புகுந்து மாட்டிக்கொண்ட வாட்டர்கேட் அசிங்கத்தில் ராஜினாமா செய்திருந்தார். வாஷிங்டன், வக்கீல், கோட்டு சூட்டு என்றாலே ஜனங்களுக்குக் குமட்டிக்கொண்டு வந்த நேரம். மண் ஒட்டிய ஒரு பொருள் தேவைப்பட்டது. நீர்மூழ்கிக் கப்பலில் மண் ஒட்டாதே. நான் சேர்த்த வரைக்கும், வேட்பாளரின் தொழிலைக் காட்டும் பின்களில் பெரும்பாலானவை இப்படித்தான். அவர் எந்தத் தொழிலில் ரொம்ப நாள் இருந்தார் என்பதைச் சொல்லாது. ஓட்டுப் போடுகிறவர் அவரை எந்தக் கோலத்தில் பார்க்க ஆசைப்பட்டார் என்பதைச் சொல்லும்.

வாசகர், சேலம்: இவ்வளவு சாமான்களையும் கட்சியே செலவு செய்து அடித்ததா? அங்கே தேர்தல் கமிஷன் கணக்குக் கேட்காதா?

கேட்கும். கேட்டதால்தான் கடலை இவ்வளவு பெருகியது.

1974-ல் பிரசாரச் செலவுச் சட்டத்தைத் திருத்தினார்கள். 1976-ல் முதல்முறையாக இரண்டு பெரிய கட்சி வேட்பாளர்களும் அரசாங்கப் பணத்தில் பொதுத்தேர்தலைச் சந்தித்தார்கள். ஆளுக்கு 2.18 கோடி டாலர். அதற்கு மேல் செலவழிக்கக் கூடாது. கையில் இருப்பது இவ்வளவுதான் என்றதும் இரண்டு தரப்பும் டி.வி. விளம்பரத்துக்குத்தான் பணத்தைக் கொட்டின. பின்னுக்கும் பேட்ஜுக்கும் கிள்ளித்தான் கொடுத்தார்கள். முன்பெல்லாம் அலுவலகத்துக்குப் போனால் கை நிறைய அள்ளிக் கொடுப்பார்கள், இப்போது இல்லை. அந்த இடத்தில் பொம்மைக் கம்பெனிக்காரர்களும் தெருவோர வியாபாரிகளும் புகுந்தார்கள். அவர்களுக்கு எந்த உச்சவரம்பும் இல்லை. கடலை விற்றால் சரி.

அதனால் சேகரிப்பவர்கள் இரண்டையும் தனித்தனியாக வைப்பார்கள். கட்சி அலுவலகம் கொடுத்தது ஒரு தட்டு, வியாபாரி விற்றது இன்னொரு தட்டு. முதல் தட்டுக்குத்தான் மரியாதை. எனக்கென்னவோ இரண்டாவது தட்டின் மேல்தான் ஆசை. கட்சிக்காரன் பத்துப் பேர் கூடிப் பேசி, அழகு பார்த்து, பயந்து பயந்து அடிப்பான். வியாபாரிக்கு அந்தப் பயம் கிடையாது. "சிரிப்பே ஜெயிக்கும்" என்ற பொருளில் வெறும் பல்லை மட்டும் போட்டு ஒரு பின் வந்தது. அந்தத் துணிச்சல் எந்தக் கமிட்டிக்கு வரும்?

கட்சிக்காரர்களே துணிந்து செய்ததும் ஒன்று உண்டு. இண்டியானா மாநில ஜனநாயகக் கட்சியினர் 1976 செப்டம்பரில் கார்ட்டர் தங்கள் ஊருக்கு வருகிறார் என்று 13 அடி உயரத்தில் ஒரு கடலை செய்தார்கள். மர வளையம், கோழிக்கூண்டுக் கம்பிவலை, மேலே நுரை பிளாஸ்டிக். பல் வரிசை அதிலும் உண்டு. பிற்பாடு அது பிளெயின்ஸுக்கே போய்ச் சேர்ந்து சாலையோரம் நிற்கிறது. அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர்கள் நயாகராவோடு இதையும் பட்டியலில் சேர்க்கலாம். ரொம்பச் சுற்று என்று மருமகன் முகம் சுளித்தால் நான் பொறுப்பில்லை.

வாசகர், காஞ்சிபுரம்: தொழிலைச் சொல்லி ஓட்டுக் கேட்கும் வழக்கத்தை ஆரம்பித்தவர் கார்ட்டரா?

இல்லை. அவருக்கு 116 வருஷம் முன்பே ஆப்ரஹாம் லிங்கனை வைத்துச் செய்துவிட்டார்கள். அதுவும் லிங்கனாகச் செய்ததில்லை.

1860 மே 9. இல்லினாய் மாநிலம் டிகேட்டர் ஊரில் குடியரசுக் கட்சியின் மாநில மாநாடு. லிங்கனுக்கு அப்போது 51 வயது, ஸ்பிரிங்ஃபீல்டில் பெயர்பெற்ற வக்கீல். ரிச்சர்ட் ஓகில்ஸ்பி என்ற உள்ளூர் அரசியல்வாதிக்கு ஒரு கவலை: வக்கீல் என்று சொன்னால் எந்தக் குடியானவன் எழுந்து கை தட்டுவான்? லிங்கனின் அம்மா வழி உறவினர் ஜான் ஹாங்ஸ் என்பவரைப் பிடித்தார். "சின்ன வயதில் இவன் என்ன வேலை செய்தான்?" என்று விசாரித்தார். 1830-ல் லிங்கனின் குடும்பம் இல்லினாய்க்குக் குடிவந்த புதிதில் தானும் லிங்கனும் சேர்ந்து வேலிக்கட்டை பிளந்ததை ஹாங்ஸ் சொன்னார். ஓகில்ஸ்பியும் ஹாங்ஸும் வண்டி கட்டிக்கொண்டு ஊருக்கு மேற்கே போய், பழைய வேலியிலிருந்து இரண்டு கட்டைகளை உருவிக்கொண்டு வந்து, மாநாடு வரை ஒளித்து வைத்தார்கள்.

வேலிக்கட்டை என்றால் நம் ஊர் முள்வேலி இல்லை. மரத்தை வெட்டிச் சாய்த்து, ஆப்பு வைத்துக் கொட்டாப்புளியால் அடித்து நீளவாக்கில் பிளப்பார்கள். அந்த நீளக் கட்டைகளைக் கோணல்மாணலாக ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் வேலி. சோளக்காட்டுக்குள் மாடு புகாது. தோளில் பலம் இல்லாதவன் செய்ய முடியாத வேலை.

மாநாட்டின் நடுவில் ஹாங்ஸ் அந்தக் கட்டைகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். மேலே ஒரு பதாகை: இவை 1830-ல் ஹாங்ஸும் லிங்கனும் பிளந்த 3,000 கட்டைகளில் இரண்டு என்று. கூட்டம் கூரையைப் பிய்த்துவிட்டது. பதாகையில் ஜான் ஹாங்ஸ் பெயரை 'தாமஸ்' என்று எழுதியிருந்தார்கள். லிங்கனின் அப்பா அந்த மாவட்டத்தின் முதல் குடியேறி என்றும் ஒரு புளுகு. போஸ்டரில் பிழை விடுவது அரசியல் கட்சிகளின் பிறவிக்குணம் போல. லிங்கனைப் பேசச் சொன்னார்கள். இதே கட்டைகளை நான்தான் பிளந்தேனா என்று உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் இதைவிட நல்ல கட்டைகள் நிறையப் பிளந்திருக்கிறேன் என்ற பொருளில் ஏதோ சொல்லிச் சமாளித்தார். வக்கீல் அல்லவா! ஒத்துக்கொள்ளவும் இல்லை, மறுக்கவும் இல்லை.

ஒன்பதே நாளில், மே 18-ம் தேதி, சிகாகோவில் அவர் ஜனாதிபதி வேட்பாளர். அதற்கப்புறம் எங்கு பார்த்தாலும் கோடரியும் கட்டையும். ஒரு பக்கம் லிங்கன் முகமும் மறுபக்கம் கோடரி ஓங்கிய ஆளுமாகப் பித்தளை வில்லைகள் வந்தன. துளை போட்டிருக்கும், நூல் கோத்துச் சட்டையில் தொங்கவிடலாம். 'கட்டை பிளப்பவர்' என்ற பெயரிலேயே தேர்தல் பத்திரிகைகள் வந்தன. அந்தப் பழைய வேலிக்கட்டைகளைத் துண்டு போட்டு, "இது லிங்கன் பிளந்ததுதான்" என்று ஹாங்ஸ் கொடுத்த அத்தாட்சியோடு ஞாபகார்த்தமாக வாங்கிப்போனார்கள். அவற்றில் சில இப்போது மியூசியத்தில் இருக்கின்றன.

இந்தக் 'கட்டை பிளப்பவர்', மூன்றே வருஷம் முன்பு, 1857-ல், இல்லினாய் சென்ட்ரல் ரயில்வே கம்பெனி மீது வழக்குப் போட்டு 5,000 டாலர் வக்கீல் ஃபீஸ் வசூலித்தவர். அவர் வாழ்நாளில் வாங்கிய மிகப் பெரிய ஃபீஸ் அதுதான். அதற்கு யாரும் வில்லை அடிக்கவில்லை.

வாசகர், வாணியம்பாடி: எங்கள் ஊரில் தோல் தொழில்தான் சோறு போடுகிறது. தோல் தொழில் செய்தவர் யாராவது ஜனாதிபதி ஆனதுண்டா?

உண்டு, தோல் கடையில் உட்கார்ந்தவர். உள்நாட்டுப் போரில் ஜெயித்த ஜெனரல் யுலிசஸ் கிராண்ட். போருக்கு முன் இல்லினாய் மாநிலம் கலீனா ஊரில் அப்பாவின் தோல் கடையில் கணக்கெழுதியவர். 1868 தேர்தலில் அவருடைய ஆதரவாளர்கள் 'தோல் பதனிடுவோர் சங்கம்' என்று பெயர் வைத்துக்கொண்டு ஊர்வலம் போனார்கள். 1872-ல் அவரோடு துணை ஜனாதிபதிக்கு நின்ற ஹென்றி வில்சன், மாசசூசெட்ஸ் மாநிலம் நாட்டிக் ஊரில் நிஜமாகவே செருப்புத் தைத்தவர். 'கலீனா தோல்காரர், நாட்டிக் செருப்புக்காரர்' என்று இரண்டு பேர் படத்தையும் போட்டு உழைப்பாளர் கொடி என்று ஒரு வண்ணப்படம் அச்சாகி விற்றது. வேடிக்கை என்னவென்றால், கிராண்டுக்குத் தோல் வாடையே ஆகாது. சிறுவயதில் அப்பாவின் தோல் பதனிடும் கொட்டகைப் பக்கம் போவதே பிடிக்காது. வாணியம்பாடியில் அவரை ஒரு நாள் விட்டிருந்தால் ஓடியிருப்பார்.

வாசகர், நாகப்பட்டினம்: மீனவர், படகோட்டி யாராவது?

படகு உண்டு, ஆனால் மீன்பிடிப் படகு இல்லை, போர்ப்படகு. ஜான் கென்னடி. 1943 ஆகஸ்ட் 2-ம் தேதி இருட்டில், சாலமன் தீவுகள் பக்கம், அவர் தலைமையில் இருந்த பி.டி. 109 என்ற டார்ப்பிடோ படகை அமகிரி என்ற ஜப்பானியக் கப்பல் இடித்து இரண்டாகப் பிளந்தது. 13 பேரில் இரண்டு பேர் போய்விட்டார்கள். மிச்சம் 11 பேர் தீவு தீவாக நீந்தி ஒதுங்கினார்கள். ஓர் இளநீர்க் காயின் ஓட்டில் உதவி கேட்டுச் செதுக்கி, தீவுக்காரர்கள் இரண்டு பேரிடம் கொடுத்தனுப்பித் தப்பித்தார்கள். ஜனாதிபதி ஆனபோது அந்தத் தேங்காய் ஓடு அவர் மேஜையில் இருந்தது.

1960 பிரசாரத்தில் இதற்காக ஒரு டை கிளிப் அடித்தார்கள். சின்னப் படகு, பக்கவாட்டில் 'பி.டி. 109'. வேட்பாளர்களின் தொழில் பொருள்களிலேயே அழகானது இதுதான் என்பேன். ஏன் என்றால் கத்தாது. கழுத்துப்பட்டையில் ஒரு விரல் நீளத்துக்கு மின்னும், அவ்வளவுதான். தெரிந்தவன் "எங்கே வாங்கினாய்?" என்பான், தெரியாதவன் சும்மா போவான். போட்டிருப்பவன் நம் ஆள் என்று அடையாளம் காட்டும் வேலையும் செய்தது. கடற்படையில் கழித்தது நாலு வருஷம்கூட இல்லை. 1947 முதல் 1960 வரை அவர் முழுநேர அரசியல்வாதி. ஆனால் நாடாளுமன்றக் கட்டடத்தைச் சின்னதாகச் செய்து டையில் மாட்டினால் யாராவது திரும்பிப் பார்ப்பானா?

வாங்க நினைப்பவர்களுக்கு: இதே கிளிப்பை இப்போதும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். புதிது என்று சொல்லி விற்றால் தவறில்லை. 1960 என்று சொல்லிக் காசு கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

வாசகி, தஞ்சாவூர்: தொழில் பொருளை வைத்தே நன்கொடை வசூலித்தவர் உண்டா?

பாப்பி ஓடேனியல். டெக்சஸ்காரர், கோதுமை மாவு வியாபாரி. ரேடியோவில் பாட்டுக் கச்சேரி நடத்தி மாவு விற்றவர். 1938-ல் ஆளுநர் தேர்தலுக்கு நின்றார். அதே பாட்டுக்காரர்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போனார். கூட்டம் முடிந்ததும் சின்னச் சின்ன மாவுப் பீப்பாய்களை ஜனங்களுக்கு நடுவே சுற்ற விடுவார்கள், சில்லறை விழும். கட்சி உள்தேர்தலில் முதல் சுற்றிலேயே ஜெயித்தார். அவரால் மட்டும் அவருக்கு ஓட்டுப் போட முடியவில்லை: வாக்காளர் வரி கட்டாமல் விட்டிருந்தார். அந்தப் பீப்பாய் ஒன்று கிடைத்தால் வீட்டுப் பத்திரத்தை அடகு வைப்பது பற்றி யோசிப்பேன். மனைவி இந்தப் பக்கத்தைப் படிப்பதில்லை.

வாசகர், திருப்பூர்: சினிமாக்காரர், பயில்வான் இவர்களுக்கு?

ஜெஸ்ஸி வெஞ்சுரா. தொழில்முறை மல்யுத்தக்காரர். 1998-ல் மின்னசோட்டா ஆளுநராக ஜெயித்தார், 37 சதவீத ஓட்டில், மும்முனைப் போட்டியில். அவர் டி.வி. விளம்பரத்தில் இரண்டு பையன்கள் ஒரு வெஞ்சுரா பொம்மையை வைத்து, லஞ்சம் நீட்டும் வில்லன் பொம்மையோடு சண்டை விடுவார்கள். விளம்பரம் பார்த்தவர்கள் பொம்மை கேட்டு அலைந்தார்கள். அப்போது கடையில் அது இல்லை. ஜெயித்த பிறகுதான் விற்பனைக்கு வந்தது. பொருளைக் காட்டி ஓட்டு வாங்கி, அப்புறம் பொருளைச் செய்த ஒரே வியாபாரம் இதுவாகத்தான் இருக்கும்.

வாசகர், ஈரோடு: கடலை கார்ட்டரைக் கடைசிவரை காப்பாற்றியதா?

எங்கே! 1977-ல் பதவியேற்றதும் கிடங்கை அறக்கட்டளைப் பொறுப்பில் விட்டார். 1979-ல் அந்தக் கிடங்கு வாங்கிய வங்கிக் கடன் 1976 தேர்தல் செலவுக்குப் போனதா என்று விசாரிக்க பால் கர்ரன் என்ற தனி வழக்கறிஞரை நியமித்தார்கள். மாதக்கணக்கில் பேரேடுகளைப் புரட்டினார். அக்டோபரில், அப்படி எதுவும் இல்லை என்று அறிக்கை கொடுத்தார். ஆனால் அதற்குள் பத்திரிகைகளில் கடலை கடலையாகக் கார்ட்டூன். மூன்று வருஷம் முன்பு சிரித்த அதே கடலை இப்போது வாடிச் சுருங்கி, பூச்சி அரித்து, ஓடு உடைந்து. சின்னத்தை நீங்கள்தான் கையில் கொடுத்தீர்கள். எதிரிக்கு வரைவதற்கு என்ன கஷ்டம்? 1980-ல் ரேகனிடம் தோற்று 1981-ல் ஊர் திரும்பியபோது கிடங்கு சுமார் 10 லட்சம் டாலர் கடனில் நின்றது. விற்றுத்தான் அடைத்தார். கடலை தொழிலில் கணக்கை வேறொருவரிடம் விட்டால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை, ஈரோட்டுக்காரருக்குத் தெரியும்.

தம்பி பில்லி சும்மா இருந்தாரா? 1977-ல் தன் பெயரில் 'பில்லி பீர்' என்று ஒன்றை இறக்கினார். அடுத்த வருஷமே கம்பெனி மூடியது. காலி டப்பா லட்சம் பெறும் என்று ஒரு புரளி கிளம்பி, பலர் பரணில் அடுக்கி வைத்தார்கள். அளவில்லாமல் அடித்த டப்பா அது. இன்றும் ஒன்றிரண்டு டாலருக்குக் கிடைக்கும்.

வாசகர், கோயம்புத்தூர்: நம் நாட்டில் இந்த மாதிரி எதுவும் ஏன் இல்லை?

இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது. 2014-ல் நரேந்திர மோடியின் ரயில்நிலைய டீக்கடைக் கதையை வைத்து, டீக்கடைகளில் உட்கார்ந்து பேசும் 'சாய் பே சர்ச்சா' நடத்தினார்கள். ஆனால் இங்கே ஓட்டுச்சீட்டிலேயே சின்னம் இருப்பதால், தொப்பி, துண்டு, பேட்ஜ் எல்லாவற்றிலும் அதுவே இடத்தை அடைத்துக்கொள்கிறது. இலை, சூரியன், கை, தாமரைக்கு நடுவில் வேட்பாளரின் தொழிலுக்கு எங்கே இடம்? சுயேச்சைகள் பாடு தேவலை. தேர்தல் ஆணையத்தின் காலிச் சின்னப் பட்டியலில் தையல் இயந்திரம், ஆட்டோ எல்லாம் உண்டு. மனுவில் மூன்று விருப்பம் எழுதலாம். தையல்காரர் தையல் இயந்திரம் கேட்டு, அது கிடைத்தும் விட்டால், நோட்டீஸே கார்ட்டர் பின் மாதிரிதான். என்ன, இங்கே தொப்பிக்கும் பேட்ஜுக்கும் மாவட்டத் தேர்தல் அலுவலர் விலைப்பட்டியல் வைத்திருப்பார். ஒன்று கொடுத்தால் ஒன்றுக்கு உண்டான தொகை வேட்பாளர் கணக்கில் ஏறும். பெரிய மாநிலங்களில் சட்டமன்றத் தொகுதிக்கு 2022-ல் வைத்த உச்சவரம்பு 40 லட்சம் ரூபாய். ரேடியோ வைத்த கடலையெல்லாம் கொடுத்துக் கட்டுப்படியாகாது.

இந்த நோட்டீஸ்களைச் சேர்ப்பவர் நம்மிடையே ரொம்பக் குறைவு. வாக்குப்பதிவு முடிந்த மறுநாள் தெருவில் பொறுக்கினாலே போதும். யாராவது செய்தால் எனக்கு ஒரு கடிதம் போடுங்கள்.

வாசகர், புதுச்சேரி: ஆன்லைனில் அமெரிக்கத் தேர்தல் பின்கள் விற்கிறார்கள். போலியைக் கண்டுபிடிப்பது எப்படி?

முதலில் திருப்பிப் பாருங்கள், ஐயா. முகத்தைப் பார்த்து மயங்கியவர்கள்தான் ஏமாந்திருக்கிறார்கள். 1973-ல் அமெரிக்காவில் ஒரு சட்டம் வந்தது. பழைய தேர்தல் பொருளைப் போலச் செய்தால், செய்த வருஷத்தை அதிலேயே அழியாமல் பதிக்க வேண்டும். ஆகவே லிங்கன் முகத்துக்குக் கீழே ஓரத்தில் 1980 என்று பொடி எழுத்து இருந்தால் அது நேர்மையான நகல். அந்த இடத்தில் சுரண்டிய தடம் இருந்தால் நேர்மையற்ற ஆசாமி. சட்டத்துக்கு முன் 1972-ல் ஓர் எண்ணெய்க் கம்பெனி விளம்பரத்துக்காகப் பழைய பின்களின் நகல்களைத் தகரத்தில் அச்சடித்து விநியோகித்தது. அவை இன்றும் அசல் என்று சுற்றுகின்றன. ஓர வளைவில் கம்பெனி பெயரின் சுருக்கம் இருக்கும், பூதக்கண்ணாடி வேண்டும்.

அடுத்தது காலம். முகத்தில் செல்லுலாய்ட் போட்டு, பின்னால் ஊசி வைத்த பட்டன் 1896 தேர்தலில்தான் பரவியது. நியூ ஜெர்சியில் ஒயிட்ஹெட் அண்ட் ஹோக் கம்பெனி அந்த வருஷம் காப்புரிமை வாங்கியது. தகரத்தின் மேல் நேரடியாக அச்சிட்டது அதற்கும் பிற்பாடு. எனவே 1860 லிங்கன் பட்டன், பளபளவென்று, பின்னால் ஊசியோடு என்று யாராவது நீட்டினால் சிரித்துவிட்டு நகருங்கள். 1860-ல் இருந்தவை பித்தளை வில்லைகளும், இரும்புத் தகட்டில் எடுத்த குட்டிப் போட்டோக்களும்தான். கார்ட்டர் பின்களில் பிரச்னை குறைவு. அள்ளி அள்ளி அடித்தார்கள், சாதாரணமானவை சில டாலர்தான், போலி செய்ய எவனுக்கும் ஆர்வம் இல்லை. ஓரத்தில் அச்சுத் தொழிலாளர் சங்கத்தின் குட்டி முத்திரை இருக்கிறதா பாருங்கள். ஜனநாயகக் கட்சிக்காரர்கள் சங்கத் தொழிலாளர் அடித்ததைத்தான் விரும்பி வாங்குவார்கள்.

வாசகி, விழுப்புரம்: என் அக்கா அமெரிக்காவிலிருந்து கார்ட்டர் பெயர் போட்ட துணிப்பை ஒன்று கொண்டுவந்தாள். உள்ளே 1976 கடலை அப்படியே இருக்கிறது. எப்படிப் பாதுகாப்பது? (என் பேரன் ஒன்றை உடைத்துத் தின்னப் பார்த்தான்.)

பேரனைத் தடுத்தீர்களா, இல்லையா? ஈரம் பட்ட பழைய கடலையில் பூஞ்சை விஷம் இருக்கலாம்; மாட்டுக்குக்கூட வைக்கக் கூடாது. எங்கள் விற்பனைக்கூடத்தில் கறுத்த பருப்பைத் தனியே ஒதுக்கிவிடுவோம்.

பையைத் திறக்காமல் அப்படியே கனமான பிளாஸ்டிக் உறையில் போட்டு, காற்றை வெளியேற்றி ஒட்டி, ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். புழு, முட்டை எல்லாம் செத்துவிடும். வெளியே எடுத்ததும் உடனே பிரிக்காதீர்கள். உறையின் மேல் வேர்க்கும் நீர் காய்ந்து, அறைச் சூட்டுக்கு வந்த பிறகு பிரியுங்கள். அப்புறம் ஒரு தகர டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டு மூடி வைத்தால் போதும். அந்துருண்டை வேண்டாம், துணியில் வாடை ஏறிவிடும். கடலையை எடுத்துவிட்டு வெறும் பையை மட்டும் வைத்துக்கொள்ளலாமா என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள். கூடாது. பையில் பெயர்தான் இருக்கிறது. ஆள் உள்ளே இருக்கிறார்.